கல்லில் ஒளி தேடிய இராமன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முத்து, மாணிக்கம், மரகதம், வைரம், வைடூரியம், கோமேதகம், புட்பராகம், நீலம், பவளம் என ஒன்பது மணிகளை நம் முன்னோர் வகுத்து வைத்தனர். இவற்றுள் முத்தும் பவளமும் கடல்வாழ் உயிர்கள் தருபவை. ஏனையவை மண்ணுக்குள் பிறந்த கற்கள். மன்னர் மகுடத்திலும் கோயில் நகைகளிலும் இவை ஒளிர்வதைக் கண்டு வியந்தவர் பலர். விலை கேட்டவர் அவரினும் பலர். ஆனால், மாணிக்கம் ஏன் சிவந்திருக்கிறது, நீலக்கல் ஏன் நீலமாயிருக்கிறது என்று கேட்டவர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் நம் தமிழ் மண்ணில் பிறந்தவர். அவர்தாம் சர் சந்திரசேகர வெங்கட இராமன்.

இராமன் விளைவு என்னும் பெயரைக் கேள்விப்படாத இயற்பியல் மாணவர் இருக்க முடியாது. அவ்விளைவு கண்டுபிடிக்கப்பட்ட பிப்ரவரி 28-ஆம் நாளை 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம். ஆனால் நோபல் பரிசு பெற்ற பின்னும் அவர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும், அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை வைரங்களுக்கும் முத்துக்களுக்கும் சந்திரகாந்தக் கற்களுக்கும் நடுவே கழித்தார் என்பதும் பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதில் பெருமகிழ்ச்சி கொண்டவர் இராமன். ஆகவே, வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்குப் படித்துக் காட்டினாலும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

இளமையும் கல்வியும்

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளுள் இவர் இரண்டாமவர். 1892-இல் தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைக்கவே, குடும்பம் அங்குக் குடியேறியது. பதினொன்றாம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய இராமன், 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தார். மறு ஆண்டே முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றுத் தேறினார்.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்மில் பலருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நாம்தான். இராமனின் நிலை அதுவன்று. அவர் பிறந்த வீட்டில் புத்தகங்கள் இருந்தன. ஐயம் கேட்டால் விடை சொல்லத் தந்தையார் இருந்தார். ஆகவே அவருடைய பதினொன்றாம் வயதோடு நம்முடைய பதினொன்றாம் வயதை ஒப்பிட்டு ஏங்குவதில் பயனில்லை. ஒப்பிட வேண்டியது வேறொன்று. நம் ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியின் மேசைமீது முப்பட்டகத்தை வைத்து அதன் கோணத்தை நாமெல்லாரும் அளக்கிறோம். விடை வந்ததும் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு புறப்பட்டு விடுகிறோம். அதே சோதனையைச் செய்தபோது, முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழுந்தால் தோன்றும் பட்டைகள் இருபுறமும் ஒத்திராமையை மாணவர் இராமன் கவனித்தார். அது ஏன் என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனிலிருந்து வந்த பிலசாபிக்கல் மேகசின் என்னும் இதழில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அவர் கையிலிருந்த கருவி நம் கையிலிருப்பதைவிடப் பெரிதன்று.

அலுவலகத்துக்கு முன்னும் பின்னும்

மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்றால் அவருடைய உடல்நிலை தாங்காது என்று மருத்துவர் கூறிவிட்டார். இந்தியாவிலோ அறிவியல் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. ஆகவே 1907-இல் எம்.ஏ. தேறிய கையோடு இந்திய நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்றார். அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பணியேற்றார்.

கல்கத்தாவில் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. கட்டடம் இருந்தது, சில கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்வோர்தாம் இல்லை. அன்று முதல் அலுவலகத்துக்குப் போகுமுன் காலையிலும், அலுவல் முடிந்தபின் மாலையிலும் இரவிலும் அங்கேயே ஆராய்ச்சி செய்வது அவருடைய வழக்கமாயிற்று. இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்ற காலம் போக, பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. கல்லூரிப் படிப்பே இல்லாத ஆசுதோஷ் தே என்பவர் அவருக்கு உற்ற உதவியாளராக விளங்கினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவருடைய பெயரும் இடம்பெற்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி தேடி வந்தபோது, சம்பளம் வெகுவாகக் குறையும் என்று தெரிந்தும் அரசுப் பதவியை விட்டுவிட்டு அதனை ஏற்றார்.

கடல் ஏன் நீலம்?

1921-இல் ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குச் சென்ற இராமன், நர்குண்டா என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே நீரில் எதிரொளித்துக் கடலை நீலமாக்குகிறது என்பது பேரறிஞர் ராலே பிரபுவின் கருத்து. அன்று அதனை எல்லாரும் ஏற்றிருந்தனர். இராமனின் சட்டைப்பையில் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவி ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளியை அந்தப் பட்டகத்தின் துணையால் மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை. முன்னினும் அழகாகத் தெரிந்தது. எனவே அந்நீலம் வானத்திடம் கடன் வாங்கியதன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து உண்டாக்கிக்கொண்டது என்று முடிவு கட்டினார். நீர் செவ்வொளியைச் சிறிது உட்கவர்வதும் இதற்குத் துணை செய்கிறது என்பதை இன்று அறிவோம்.

ஒரு பொருளின் நிறம் எங்கிருந்து வருகிறது? இந்த ஒரு கேள்விதான் அவருடைய வாழ்க்கை முழுவதையும் இணைக்கும் நூல். கடலில் பிடித்த அந்நூல் பின்னர் கற்களுக்கு அவரை இட்டுச் சென்றது.

1928 பிப்ரவரி 28

ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதன் நிறம் மாறாது என்பதே பழைய கருத்து. இராமனும் அவருடைய மாணவரான கே.எஸ். கிருஷ்ணனும் நீர்மங்களில் ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது, சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி வேறு நிறம் கொண்டு வெளிவருவதைக் கண்டனர். முதலில் அவர்களுக்கு உதவியவை சூரிய ஒளியும், வண்ணக் கண்ணாடி வடிகட்டிகளும், சொந்தக் கண்களுமே. பின்னர்ப் பாதரச விளக்கையும் சிறு நிறமாலைப் பதிவியையும் பயன்படுத்தினர். 1928 பிப்ரவரி 28-இல் ஐயம் அகன்றது. அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் இருவரும் குவார்ட்ஸ் கல்லில் இதே விளைவைக் கண்டனர். நீரில் காணப்பட்டது கல்லிலும் உண்டு என்பது இவ்வாறு தொடக்கத்திலேயே தெளிவாயிற்று.

இதன் பொருளை எளிதாகச் சொல்லலாம். ஒரு பொருளிலுள்ள அணுக்கள் சும்மா இருப்பதில்லை. வீணையின் தந்திகளைப் போல, தத்தமக்குரிய அதிர்வுடன் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே புகும் ஒளி அந்த அதிர்வுக்குத் தன் ஆற்றலில் சிறிது கொடுக்கிறது, அல்லது அதனிடமிருந்து சிறிது பெறுகிறது. அதனால் ஒளியின் நிறம் சற்றே மாறுகிறது. எவ்வளவு மாறிற்று என்று அளந்தால், உள்ளே இருப்பது எந்தப் பொருள் என்று சொல்லிவிடலாம். இக்கண்டுபிடிப்புக்காக 1930-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது.

கல்லுக்கு நிறம் வந்த கதை

மணிகளின் நிறம் பற்றி இன்று அறிவியல் கூறுவதை இந்த இடத்தில் தெரிந்துகொண்டால்தான் இராமனின் பிற்கால உழைப்பு நமக்கு விளங்கும்.

வெள்ளொளியில் ஏழு நிறங்களும் அடங்கியுள்ளன. ஏழு நிறச் சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வியாபாரி ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஓர் ஊரில் உள்ளவர்கள் பச்சைச் சேலைகளையும் ஊதாச் சேலைகளையும் மட்டும் வாங்கிக்கொண்டால், ஊரைக் கடந்து வரும் மூட்டையில் சிவப்பே மிகுந்திருக்கும். மாணிக்கக்கல் அத்தகைய ஊர். கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் எதையுமே வாங்காமல் வழியனுப்பும் ஊர் தூய வைரம். அதனால் அது நிறமற்றிருக்கிறது.

மாணிக்கத்துக்குள் பச்சையை வாங்கிக்கொள்வது யார்? மாணிக்கமும் நீலமும் ஒரே கல் என்றால் வியப்பாயிருக்கும். இரண்டும் குருந்தம் என்னும் கனிமமே, அதாவது அலுமினியம் ஆக்சைடே. ஆங்கிலத்தில் இக்கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்னும் பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதாகும். நம் தருமபுரியைப் போலவே பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள சித்தம்பூண்டியில் குருந்தம் கிடைக்கிறது. தூய குருந்தத்துக்கு நிறமில்லை. அதில் அலுமினிய அணுக்கள் சில இருக்க வேண்டிய இடத்தில் குரோமிய அணுக்கள் புகுந்துவிட்டால் அது சிவந்து மாணிக்கமாகிறது. நூற்றில் ஒரு பங்கு அளவில் குரோமியம் இருந்தாலே போதும். குரோமியத்துக்குப் பதிலாக இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து புகுந்தால் அதே கல் நீலமாகிறது.

மரகதத்துக்குப் பசுமை தருவதும் பெரும்பாலும் அதே குரோமியமே. ஒரே குரோமியம் ஓரிடத்தில் சிவப்பும் மற்றோரிடத்தில் பச்சையும் தருவானேன்? மரகதம் பெரில் என்னும் வேறு கனிமம். அதில் குரோமியத்தைச் சூழ்ந்து நிற்கும் ஆக்சிஜன் அணுக்களின் பிடி சற்றுத் தளர்ந்திருக்கிறது. பிடி மாறினால் குரோமிய எலக்ட்ரான்கள் ஏறும் படிகளின் உயரமும் மாறுகிறது. மாணிக்கத்தில் பச்சை ஒளியை வாங்கிய குரோமியம், மரகதத்தில் சிவப்பை வாங்கிக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. படிகத்திலுள்ள அணுவின்மீது அதன் அண்டை அணுக்கள் செலுத்தும் ஆட்சியை 1929-இல் ஹான்ஸ் பெத்தே என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அண்டை வீட்டார் யார் என்பதைப் பொறுத்து ஒருவருடைய குணம் மாறுவது அணுவுக்கும் உண்டு போலும்!

இவ்வளவு விலையுயர்ந்த கற்களை விட்டுவிட்டு நம் ஊர்க் கொல்லைமேட்டுக்கு வருவோம். ஏர் ஓட்டும்போது கொழுமுனையில் தட்டுப்படும் வெங்கச்சாங்கல்லை நாம் எடுத்து வரப்பில் எறிகிறோம். இருட்டில் இரண்டு வெங்கச்சாங்கற்களை உரசி ஒளி வருவதைப் பார்க்காத சிறுவர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அந்தக் கல்லே குவார்ட்ஸ். ஊதா நிறச் செவ்வந்திக்கல்லும் அதே குவார்ட்ஸ்தான். சிறிதளவு இரும்பு உள்ளே புகுந்து, மண்ணுக்குள்ளேயே இயற்கைக் கதிர்வீச்சு நெடுங்காலம் அதன்மீது பட்டதால் அந்நிறம் வந்தது. அதனைச் சூடேற்றினால் ஊதா மறைந்து பெரும்பாலும் மஞ்சளாகிவிடும்.

வைரத்தின் கதையும் இதுவே. தூய கரியாலான வைரத்தில் நைட்ரஜன் அணுக்கள் புகுந்தால் மஞ்சள் சாயல் வரும். போரான் புகுந்தால் நீலம் வரும். கோல்கொண்டா நாட்டிலிருந்து சென்று இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்திலுள்ள 45.52 காரட் எடையுள்ள ஹோப் வைரம் நீலமாக இருப்பது போரானால்தான்.

ஆகவே, மணிகளின் அழகு பெரும்பாலும் அவற்றின் தூய்மையிலன்று, அவற்றில் கலந்த மாசிலேயே இருக்கிறது. இந்த உண்மைதான் இராமனின் வாழ்க்கையில் பின்னர் ஒரு சோதனையாக வந்தது.

வைரங்களின் நடுவே

1933-இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1937-இல் அப்பதவியை விட்டு விலக நேர்ந்தது. எனினும் 1948 வரை அங்கேயே பேராசிரியராக இருந்தார். இந்தக் காலத்தில் அவர் மனம் முழுதும் வைரத்தில் படிந்தது. விலைக்கு வாங்கியும் கேட்டுப் பெற்றும் நூற்றுக்கணக்கான வைரங்களைத் திரட்டினார். மத்திய இந்தியாவின் பன்னா சுரங்க வைரங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. புற ஊதா ஒளியில் வைத்தால் சில வைரங்கள் நீலமாக ஒளிர்ந்தன, சில பசுமையாக ஒளிர்ந்தன, சில ஒளிரவே இல்லை. பகலில் ஒன்றுபோல் தோன்றும் வைரங்களுக்கு இருளில் ஏன் இத்தனை வேறுபாடு? இதற்கு விடை காண ஒரு மாணவர் படையையே அவர் ஈடுபடுத்தினார். 1944-இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழ் வைர ஆராய்ச்சிக்கென்றே ஒரு கட்டுரைத் தொகுதியை வெளியிட்டது. அந்த அகாதமியும் 1934-இல் அவரே நிறுவியதுதான்.

அந்த மாணவருள் ஒருவர் அன்னா மாணி. கேரளத்துப் பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளில் வீட்டார் தந்த வைரத் தோட்டை வேண்டாமென்று மறுத்து, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, 1940-இல் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். காதில் அணிய மறுத்த வைரத்தைக் கருவியில் வைத்து ஆராய்வதே அவருக்கு வேலையாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளையும், மாணிக்கத்தின் நிறமாலையையும் அவர் பதிவு செய்தார். அந்த ஒளி மிக மங்கலானது. ஒரு புகைப்படத் தகட்டில் அது பதியப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார்.

இவ்வளவு உழைத்து 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேட்டுக்கு டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. எம்.எஸ்ஸி. பட்டம் இல்லாதவருக்கு பிஎச்.டி. தர விதி இடம் தராது என்று காரணம் கூறப்பட்டது. அவர் அதனால் ஒடிந்துவிடவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, நாட்டுக்குத் தேவையான வானிலைக் கருவிகள் இங்கேயே உருவாகப் பாடுபட்டார். பட்டம் பெறாத அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. நம் வகுப்புகளில் முன்வரிசைகளை நிரப்பியிருக்கும் சகோதரியர் இப்பெயரை மறவாதிருக்க வேண்டும். பெண்களை ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பதில் இராமனே தயக்கம் காட்டியவர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1933-இல் கமலா சோஹோனி என்னும் மாணவியை நிபந்தனைகளுடனேயே அவர் சேர்த்துக்கொண்டார். பெரியோரின் குறையையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு.

மேதை தவறிய இடம்

வைரங்கள் ஒளிர்வது வைரத்தின் சொந்த இயல்பே என்பது இராமனின் உறுதியான கொள்கை. கரி அணுக்கள் அமையும் முறையிலேயே பல வகைகள் உண்டு, அவ்வகைகளே ஒளிரும் வேறுபாட்டுக்குக் காரணம், மாசு காரணமன்று என்று அவர் வாதாடினார். படிகங்களின் அதிர்வைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் போர்னுடன் அவர் நடத்திய வாதப் போரும் நீண்டது.

காலம் வேறு தீர்ப்பு வழங்கியது. 1959-இல் அமெரிக்காவில் கைசர், பாண்ட் என்னும் இருவரும் பல வைரங்களில் நைட்ரஜன் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தனர். வைரங்களின் வகை வேறுபாட்டுக்கும், நீலமாக ஒளிரும் இயல்புக்கும் அந்த நைட்ரஜனே காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. அதிர்வைப் பற்றிய வாதத்திலும் போர்னின் கொள்கையே நிலைபெற்றது. தூய்மையில் தேடிய விடை மாசில் இருந்தது!

இதனால் இராமனின் உழைப்பு வீணாயிற்றா? இல்லை என்றே நான் கருதுகிறேன். அவருடைய விளக்கம் வீழ்ந்தது, ஆனால் அவரும் அவர் மாணவரும் கண்ட காட்சி வீழவில்லை. அன்னா மாணி இரவெல்லாம் விழித்திருந்து பதித்த கோடுகள் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பொருள் சொல்லும் முறைதான் மாறியது. தேர்வில் எதிர்பார்த்த விடை வராதபோது, அளந்த எண்ணைத் திருத்தி எழுதும் ஆசை நமக்கெல்லாம் வருகிறது. கருத்து தவறலாம், அளந்ததை அளந்தபடி எழுதுவதில் மட்டும் தவறக்கூடாது என்பதே இந்த வரலாறு நமக்குத் தரும் பாடம்.

சாயமில்லாத வண்ணங்கள்

எல்லா மணிகளும் மாசினால் நிறம் பெறுபவை அல்ல. சோப்புக் குமிழியில் எந்தச் சாயமும் இல்லை. ஆயினும் அதில் வானவில் தோன்றுகிறது. மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெயிலும், மயில் தோகையிலும் அதே வண்ணம். மெல்லிய படலங்களின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது, சில நிறங்கள் வலுக்கின்றன, சில நிறங்கள் மறைகின்றன. நம் சேலை வியாபாரியின் மூட்டையிலிருந்து இங்கு யாரும் எதையும் வாங்குவதில்லை. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வழியாகப் பிரிந்து செல்கிறது, அவ்வளவுதான்.

1948-இல் பணி ஓய்வு பெற்ற இராமன், பெங்களூரில் தம் பெயரால் அமைத்த ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய மணிகளையே எடுத்துக்கொண்டார். ஏ. ஜெயராமன் முதலிய இளைஞர்கள் துணை நின்றனர். 1950-இல் இலங்கையின் சந்திரகாந்தக்கல்லைப் பற்றி எழுதினார். அக்கல்லில் மிதப்பதுபோல் தோன்றும் நீல வெண்ணிலவு, இருவகைப் பெல்ஸ்பார்கள் மிக நுண்ணியதாகக் கலந்திருப்பதால் ஒளி சிதறி உண்டாவது. முத்தின் மேனியில் தவழும் வண்ணம், சுண்ணாம்புப் பொருளின் மெல்லிய அடுக்குகளால் வருவது. அதனைப் பற்றிய கட்டுரை 1954-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருக்குப் பாரத ரத்னா விருதும் கிடைத்தது. ஓப்பல் என்னும் வானவில் கல்லையும் அவர் விடவில்லை. அதன் நிறத்துக்கு அடுக்கு அமைப்பே காரணம் என்றார். ஆனால் 1964-இல் ஆஸ்திரேலியாவில் சாண்டர்ஸ் என்பவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்தபோது, மிகச் சிறிய சிலிக்கா உருண்டைகள் கடையில் அடுக்கிய சாத்துக்குடிப் பழங்களைப் போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. நிறம் அமைப்பிலிருந்து வருகிறது என்று இராமன் சொன்னது சரியாயிற்று. எத்தகைய அமைப்பு என்பதைக் காண அவர் கையிலிருந்த கருவிகள் போதவில்லை.

மாணிக்கம் திருப்பித் தந்த கடன்

1960-இல் அமெரிக்காவின் தியோடர் மைமன் உலகின் முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். அவர் பயன்படுத்தியது செயற்கை மாணிக்கக் கோல். அதில் ஒளிர்ந்தது நாம் முன்னே கண்ட அதே குரோமியம். லேசர் வந்தபின், மங்கலாக இருந்த இராமன் ஒளியைப் பதிவு செய்யப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டிய தேவை போயிற்று. சில நொடிகளே போதும் என்றாயிற்று.

இன்று மணிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் இராமன் நிறமாலைமானி இன்றியமையாத கருவியாகிவிட்டது. கல்லை உடைக்க வேண்டியதில்லை, கீற வேண்டியதில்லை, நகையிலிருந்து கழற்றவும் வேண்டியதில்லை. லேசர் ஒளியைக் காட்டினால் போதும். வைரமாயின் சென்டிமீட்டருக்கு 1332 என்னும் அலை எண் மாற்றத்தில் ஒரு கூரிய கோடு தோன்றும். கண்ணாடியோ ஸிர்கோனியாக் கல்லோ எவ்வளவு மின்னினாலும் அந்தக் கோட்டைத் தர முடியாது. பல மாதச் சேமிப்பைக் கொடுத்துக் கல் பதித்த நகை வாங்கும் எளிய குடும்பத்தாருக்கு இது எத்தகைய பாதுகாப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டவரின் கேள்வி, ஏமாற்றைத் தடுக்கும் காவலாக இன்று நிற்கிறது.

நிறைவு

இறுதிக் காலத்தில் இராமன் மலர்களின் நிறத்தையும், நிறத்தைக் காணும் கண்ணையும் ஆராய்ந்தார். பார்வையைப் பற்றிய அவருடைய நூல் 1968-இல் வெளிவந்தது. 1970 நவம்பர் 21-ஆம் நாள் தம் 82-ஆம் வயதில் பெங்களூரில் காலமானார். அவர் விருப்பப்படியே நிலையத்தின் தோட்டத்தில் எரியூட்டப்பட்டார். அவ்விடத்தில் நினைவு மண்டபம் எழுப்பவில்லை, ஒரு மரமே நடப்பட்டது. அவர் திரட்டிய மணிகளும் படிகங்களும் சிப்பிகளும் பட்டாம்பூச்சிகளும் அந்நிலையத்தின் காட்சிக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும் கனிமங்கள் இருட்டறையில் புற ஊதா ஒளி பட்டதும் பல வண்ணங்களில் ஒளிர்வதை அங்கே காணலாம்.

நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கு வேலை தேடிச் செல்லும் பேருந்துகள் நாள்தோறும் நிரம்பிச் செல்கின்றன. அவ்வூரில்தான் இவையெல்லாம் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நம் துறையின் கல்விச் சுற்றுலா ஒன்று அங்கும் சென்று வரலாம் என்பது இம்மலரின் வாயிலாகப் பேராசிரியப் பெருமக்களுக்கு நான் வைக்கும் பணிவான வேண்டுகோள்.

மாணவ நண்பர்களே! நமக்கு வைரங்கள் கிடைக்கப் போவதில்லை. ஆனால் வெங்கச்சாங்கல் கிடைக்கும். நம் மாவட்டத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் மைக்காவும் மின்னிக்கொண்டிருக்கின்றன. நிறமாலைமானியும் முப்பட்டகமும் ஆய்வுக்கூடத்தில் காத்திருக்கின்றன. அடுத்த முறை கோணத்தை அளந்து முடித்ததும் உடனே எழுந்துவிடாமல், இன்னும் ஐந்து நிமிடம் அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்போம்.